சனிக்கிழமைப் பொறுப்புகள்

— கயித்தை அப்படியே வச்சிட்டு வாங்க டிரைவர் சார். முதல்ல இந்தத் தாளுக்கு ஒரு பதில் சொல்லுங்க.

— கையெல்லாம் ஈரம், கண்ணாடி மேடம். வலையில இருந்த தண்ணி பாதி என் சட்டைக்கு வந்திடுச்சு. நீங்க படிங்க, நான் கேட்டுக்கிட்டே மடிக்கிறேன்.

— படிக்கிறேன். பந்துக்குக் காத்தடிக்கிறது, பேக்கரிக்காரர். எழுதிக்கிட்டேன். தண்ணி கேன், ரெட்டைப் பசங்களோட அப்பா. எழுதிக்கிட்டேன். முதலுதவிப் பெட்டி, நர்ஸம்மா. ஜெர்சி துவைக்கத்தான் ஆள் இல்ல.

— போன வருஷம் துவைச்சவர்?

— வெள்ளை ஜெர்சியோட சிவப்புத் துண்டைச் சேர்த்துப் போட்டாரே, அவரா? ஒரு மாசம் நம்ம பசங்க ரோஸ் கலர்ல ஆடினாங்க. அவரே வெக்கப்பட்டு வேற வேலை கேட்டிருக்கார்.

— அந்த மாசம்தான் ரெண்டு மேட்ச் ஜெயிச்சோம். அவருக்கே கொடுங்க.

— பேச்சை மாத்தாதீங்க. கோல் வலை கட்டுறது, அவுக்கறது, மைதானத்துக்குக் கோடு போடுறது. ஆறு வருஷமா உங்க பேர்தான். இந்த வருஷமும் எழுதிடவா?

— அது கிடக்கட்டும். ஓரமா ஒரு புதுக் கட்டம் இருக்கே, அது என்ன?

— கிளப்போட புதுத் தலைவர் போட்டது. பல் டாக்டர் இல்லையா, ஒவ்வொண்ணா குடைஞ்சு பாக்கிறார். பொறுப்பு எடுக்கிறவங்க பேருக்குப் பக்கத்துல அவங்க பிள்ளை பேரு, எந்த அணின்னு எழுதணுமாம். பிள்ளை இங்க ஆடினாத்தான் அடையாள அட்டை. அட்டை இருந்தாத்தான் வேலிக்கு உள்ள விடுவாங்க.

— ஏன், ஏதாவது நடந்துச்சா?

— ஒண்ணும் நடக்கல. பசங்க புழங்கற இடம், யாரு வர்றாங்க போறாங்கன்னு தெரியணும்ங்கறார். நியாயம்தானே.

— நியாயம்தான். நானும் ஒரு அப்பன்தானே, வேண்டாம்னா சொல்லுவேன்.

— நாலு மணிக்கு வந்து தாளை வாங்கிக்குவார். சொல்லுங்க, பையன் பதினாறு வயசுக்குக் கீழ அணிதானே?

— அந்த மூலைக்கொடி வளைஞ்சிருக்கு, பாத்தீங்களா? நிமித்தி வச்சிடறேன்.

— கொடி எங்கயும் ஓடிடாது. அந்த ஸ்டூல்ல இருக்கிற பயிற்சிக் கூம்பையெல்லாம் கீழ தள்ளிட்டு உக்காருங்க.

— வலை கட்டறதுக்குப் பிள்ளை எதுக்கு மேடம்? ரெண்டு கை இருந்தாப் போதாதா?

— அதை டாக்டர்கிட்ட கேளுங்க. இப்ப எதுக்கு என்கிட்ட கேக்கறீங்க?

— நான் பஸ் ஓட்டறவன். வாரத்துல அஞ்சு நாள் அதே தடம், அதே முப்பத்தெட்டு நிறுத்தம். ஏறுறவங்க எல்லாரும் என் முதுகைத்தான் பாப்பாங்க. சனிக்கிழமை ஆறு மணிக்கு இங்க வந்து கோடு போடுற வண்டியைத் தள்ளுவேன். புல்லு நனைஞ்சு கிடக்கும், ஒரு காக்கா கூட இருக்காது. வெள்ளைக் கோடு என் பின்னாடியே வரும். நான் போற பக்கமெல்லாம் வரும். அப்போ கேட் திறக்கிற சத்தம் கேக்கும்.

— நான்தான் திறப்பேன். ஏழு மணிக்கு.

— ஏழுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி.

— கவனிச்சிருக்கீங்க.

— நேரம் பாக்கறதுதானே டிரைவர் பொழப்பு.

— கோடு பத்தி ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க. போன மாசம் ஒரு வாரம் நடு வட்டம் முட்டை மாதிரி இருந்துச்சாம். நடுவர் அதைச் சுத்திச் சுத்தி வந்தாராம், நர்ஸம்மா சொல்லிச் சிரிச்சாங்க.

— அன்னைக்கு நீங்க வரலையே. காய்ச்சல்னு சொன்னாங்க. வட்டம் போடறப்போ நடுவுல நின்னு கயித்து முனையைப் பிடிக்க ஆள் வேணும்ல? யார் பாத்துக்கிட்டாங்க உங்களை?

— யார் இருக்கா. நானும் என் பொண்ணும்தானே. அவதான் மாத்திரை வாங்கிட்டு வந்து கொடுத்தா. அது சரி, கயித்து முனைக்கு ஆள் எதுக்கு? நடுவுல ஒரு குச்சியை அடிச்சுக் கட்டிடலாமே. எல்லா மைதானத்துலயும் அப்படித்தானே செய்யறாங்க.

— தெரியும்.

— தெரிஞ்சேவா ஆறு வருஷமா என்னை வெயிலு மழைன்னு பாக்காம அங்க நிக்க வச்சீங்க?

— குச்சி பேசாதுல்ல.

— அப்படிச் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா எப்படி? பையனைப் பத்திச் சொல்லுங்க. காலையில இருந்தே உங்க முகம் சரியில்ல.

— அவன் இப்ப ஆடுறதில்ல மேடம்.

— ம்.

— எட்டு மாசமாச்சு. ஒரு நாள் பஸ்ல என் பின்னாடி சீட்ல உக்காந்துக்கிட்டு, அப்பா எனக்கு ஓடவே பிடிக்கல, உங்களுக்காகத்தான் வந்துக்கிட்டிருந்தேன்னு சொன்னான். கோபமாச் சொல்லல. முன்னாடி அவங்க அம்மா வீட்டுல இருந்து சனிக்கிழமை வருவான். இப்போ ஞாயித்துக்கிழமை வர்றான். உக்காந்து படம் வரையறான். நல்லாவே வரையறான். அதுல எனக்கு வருத்தம் இல்ல, சத்தியமா.

— பின்ன?

— சனிக்கிழமை காலி ஆயிடுச்சு. முதல் வாரம் பழக்கத்துல வந்துட்டேன். வலையைக் கட்டினேன், கோட்டைப் போட்டேன், யாரும் ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் கேட்டாங்கன்னா சொல்லிக்கலாம்னு வந்தேன். அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான்.

— கோச் கூடவா கேக்கல?

— அவர் முப்பது பேரையும் தம்பின்னுதான் கூப்பிடறார். இதுல எந்தத் தம்பி தொலைஞ்சான்னு அவருக்கு எப்படித் தெரியும்?

— சிரிக்க வைக்காதீங்க, எழுத்து கோணுது.

— நீங்களும் கேக்கல. அதுதான் எனக்கு ஆச்சரியம். நர்ஸம்மா பையன், பேக்கரிக்காரர் பையன், எல்லாரையும் விசாரிப்பீங்க. என் பையன் எப்படி இருக்கான்னு மட்டும் ஒரு வாரம் கூடக் கேட்டதில்ல. கேட்டிருந்தா உங்ககிட்ட பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

— அதனாலதான் கேக்கல.

— என்ன சொல்றீங்க?

— பசங்க வருகை எடுக்கிறது யாரு? உங்க பையன், பதினேழாம் நம்பர், முதல் வாரம் வரல. ரெண்டாவது வாரம் வரல. நீங்க வந்தீங்க. கயித்தை நீட்டுனீங்க. நான் நடுவுல போய் நின்னேன். திரும்பி வந்து பதினேழாம் நம்பருக்கு டிக் போட்டேன்.

— எட்டு மாசமுமா?

— ஒரு வாரம் மட்டும் வரலைன்னு இருக்கும். அது எனக்குக் காய்ச்சல் வந்த வாரம். அன்னைக்கு நர்ஸம்மா எடுத்தாங்க, அவங்க நேர்மையானவங்க.

— மேடம், இது வெளிய தெரிஞ்சா உங்க பொறுப்பைப் பிடுங்கிடுவாங்க.

— பிடுங்குவாங்க. தப்புதானே.

— அப்போ இப்பவே சரி பண்ணிடுங்க. அந்தக் கட்டத்துல பொய் எழுத வேண்டாம், என் பேரை அடிச்சிடுங்க. பொண்ணுங்க அணி மத்தியானம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே ஆடுது? அதுல உங்க பொண்ணு இருக்கா. உங்களுக்கு அட்டை கிடைச்சிடும். நீங்க இங்க இருக்கணும். நான் எப்பவாவது வேலிக்கு வெளிய வண்டியை நிறுத்திட்டுப் பார்த்துக்கறேன்.

— வலையை யாரு கட்டுவா?

— ரெட்டைப் பசங்களோட அப்பாவுக்குச் சொல்லித் தர்றேன். முடிச்சு மட்டும்தான் கொஞ்சம் சிக்கல். கயித்துக்கும் அவரையே... நடுவுல நீங்க நின்னுக்குங்க, முனையை அவர் பிடிச்சுக்கிட்டுச் சுத்தி வரட்டும்.

— அவர் சுத்தி வரும்போது என்ன பேசுவார்?

— எனக்கெப்படித் தெரியும். அடிங்க மேடம். என் மனசு மாறுறதுக்குள்ள அடிச்சிடுங்க.

— அடிச்சிட்டேன்.

— கோணலா அடிச்சிருக்கீங்க.

— கோணலா இருந்தாலும் அடிச்சது அடிச்சதுதான். சரி, இப்போ நீங்க பேனாவைப் பிடிங்க. அதுக்குக் கீழ இருக்கிற பேரையும் அடிங்க. என் பேரை நானே அடிக்கக் கை வரலை.

— உங்க பேரை எதுக்கு அடிக்கணும்?

— என் பொண்ணு ஆட்டத்தை விட்டு ஒரு வருஷம் ஆகுது டிரைவர் சார். உங்க பையன் நிறுத்தறதுக்கு நாலு மாசம் முன்னாடியே விட்டுட்டா.