மாப்பிள்ளை திறந்துவிட்ட வாசல்

இல்லம்மா, நீங்க அந்த ஜன்னல் ஓரத்துலயே உக்காருங்க. நான் அங்க வந்தா வெயில் பட்டு இந்த லேப்டாப்புல என் மூஞ்சிதான் தெரியும். அதை வேற வழி பூரா பாத்துக்கிட்டு வரணுமா?

சினிமாவா? அட நீங்க வேற. இது எங்க வீட்டு கம்ப்யூட்டர். நான் இங்க பஸ்ல குலுங்கிக்கிட்டு இருக்கேன், அது அங்க என் மேஜை மேல ஜம்முனு உக்காந்திருக்கு. இங்க நான் அம்புக்குறியை நகர்த்தினா அங்க நகருது பாருங்க. நல்லா கிட்ட வந்து பாருங்க, பரவால்ல.

எம்பிராய்டரி பண்றேம்மா. கையில இல்ல, மெஷின்ல. சட்டைப் பாக்கெட்டுல கம்பெனி பேரு, தொப்பியில முத்திரை, குழந்தைங்க துணியில பூ, பொம்மை. டிசைனை கம்ப்யூட்டர்ல போட்டு வை-ஃபையில அனுப்பினா மெஷின் அது பாட்டுக்குத் தைக்கும். துணி மாட்ட, நூல் மாத்த ஒரு அம்மா வர்றாங்க. வேலையில கெட்டி. ஆனா மவுஸைத் தொடுங்கன்னா மட்டும் நிஜ எலியைத் தொடச் சொன்ன மாதிரி ரெண்டு அடி பின்னாடி போயிடுவாங்க. அந்த டிசைன் போடுற சாஃப்ட்வேரும் ஒரு அடம். எங்க வீட்டு கம்ப்யூட்டரைத் தவிர வேற எதுலயும் திறக்காது. அப்புறம் நான் எங்க நகர்றது சொல்லுங்க? பக்கத்து ஊருக்குக்கூட போனது கிடையாது.

இப்ப மட்டும் எப்படின்னா, மாப்பிள்ளை ஊர்ல ஒரு கல்யாணம். நீங்க கட்டாயம் வரணும் அத்தைன்னாரு. ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, வர முடியாதுன்னு சொல்லிட்டேன். வேற யாராவதா இருந்தா சரி விடுங்கன்னு போயிருப்பாங்க. இவரு வேலையே நெட்வொர்க் வேலை. அப்ப கம்ப்யூட்டர் மட்டும்தானே அத்தை பிரச்சினை, அதை நான் பாத்துக்கிறேன்னாரு. வசமா மாட்டிக்கிட்டேன்.

வி.பி.என்.னு ஒண்ணு இருக்காம். எந்த ஊர்ல இருந்தாலும் வீட்டு வை-ஃபைக்குள்ளயே இருக்கிற மாதிரி. வீட்டுக்குன்னு தனியா ஒரு வாசல் வெக்கிறோம் அத்தை, அது உங்க சாவிக்கு மட்டும்தான் திறக்கும்னாரு. அந்த வழியா திருடன் வந்துட்டான்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். அது இருக்கட்டும், இப்ப உங்க வை-ஃபை பாஸ்வேர்டு என்னன்னாரு. ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும்னேன். அப்ப திருடனுக்கு வாசலே வேண்டாமே அத்தைங்கிறாரு, அழுகிற குரல்ல.

எல்லாம் ஃபோன்லதான். அவரு அங்க, நான் இங்க. முதல்ல என்னடான்னா, எங்க இன்டர்நெட்டுல நிறைய வீட்டுக்குச் சேத்து ஒரே விலாசமாம். வெளிய இருந்து வந்து தட்டினா எந்த வீட்டுக் கதவுன்னு தெரியாதாம். கம்பெனியில கேட்டுத் தனியா வாங்குங்கன்னாரு. நானும் ஃபோன் போட்டு, ஐயா, எனக்குச் சொந்தமா ஒரு விலாசம் வேணும்னேன். வீடு மாத்துறீங்களா மேடம்னாரு. இல்லைங்க, வீடு அதேதான், விலாசம் மட்டும் வேறன்னேன். ஒரு நிமிஷம் இருங்கன்னு பாட்டு போட்டு விட்டுட்டுப் போனவரு, திரும்பி வரவே இல்லை. கடைசியில மாப்பிள்ளை பேசித்தான் கிடைச்சுது.

அடுத்தது ரவுட்டர். அதான்மா, விளக்கு மினுக்கிக்கிட்டு ஒரு பொட்டி இருக்குமே, அது. அதோட அடியில ஒட்டியிருக்கிறதைப் படிங்கன்னாரு. கவுத்துப் போட்டேன், ஒயர் கழண்டுக்கிச்சு. சொருகினேன். கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் திறந்துச்சு, அதுல என்னென்னமோ நம்பர் போடச் சொன்னாரு, கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டேன். எல்லாம் சரி அத்தை, இப்ப ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்கன்னாரு. அணைச்சேன். ஆளைக் காணோம்! கோச்சுக்கிட்டாரோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்ன தப்பா பேசினேன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்புறம்தான் உறைக்குது, நாங்க பேசிக்கிட்டு இருந்ததே அந்த வை-ஃபையிலதான்னு. அவருக்கும் தோணலை பாருங்க, அவ்வளவு படிச்சவரு.

சிரிங்க, சிரிங்க. இன்னும் இருக்கு.

சரியா வேலை செய்யுதான்னு பாக்க, வீட்டை விட்டு வெளிய போங்க, வை-ஃபை எட்டாத இடத்துல நின்னு ஃபோன் டேட்டாவுல சேருங்கன்னாரு. தெரு முனையில யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தாங்க. அதோட சீட்டுல லேப்டாப்பை வெச்சுக்கிட்டு அந்த வி.பி.என். பட்டனைத் தட்டினேன். சுத்துது, சுத்துது... பச்சையாயிடுச்சு! எங்க வீட்டு கம்ப்யூட்டர் அப்படியே கண்ணு முன்னாடி. சும்மா ஒரு டிசைன் அனுப்பிப் பாப்போமேன்னு கைக்கு வந்ததை அனுப்பி விட்டேன்.

அப்ப எங்க மெஷின்ல டிசைன் வந்து சேந்ததும் தானா ஓடுற மாதிரி நான்தான் வெச்சிருந்தேன். வசதியா இருக்கேன்னு. வீட்டுக்குள்ள அந்த அம்மா மட்டும் தனியா உக்காந்து நூல் சுத்திக்கிட்டு இருந்திருக்காங்க. நான் வீட்ல இல்ல. மெஷின் திடீர்னு கடகடன்னு தைக்க ஆரம்பிச்சிடுச்சு. அவங்க போட்ட சத்தம் தெரு முனைக்குக் கேட்டுச்சும்மா! யக்கோவ், உங்க மெஷினுக்குள்ள யாரோ பூந்துட்டாங்கன்னு ஓடி வர்றாங்க. பயப்படாதீங்க, பூந்தது நான்தான்னேன். அதுக்கு இன்னும் பயந்துட்டாங்க.

போய்ப் பாத்தா, மெஷின்ல மாட்டியிருந்தது காவல்காரங்க சட்டை. நெஞ்சுல சிங்கம் வரணும். நான் அனுப்பினது பிறந்த குழந்தைக்குப் போடுற வாத்து. மஞ்சள் வாத்து, மூக்கு மட்டும் சிவப்பு. சட்டையைப் போட்டுக்கிட்டு கேட்டுல நின்னா எந்தத் திருடன் பயப்படுவான்?

ஃபோன்ல சொன்னேன், மாப்பிள்ளைக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துடுச்சு. அப்படி அவரு சிரிச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சுங்கிறீங்க. இப்ப அந்தத் தானா ஓடுறதை எடுத்துட்டாரு. அந்த அம்மா பாத்துப் பட்டனைத் தட்டினாத்தான் தைக்கும்.

கடைசியா ஒண்ணு சொன்னாரு. சோதிச்சுப் பாக்கறதுக்காக எனக்கும் ஒரு சாவி போட்டிருந்தேன் அத்தை, அதை இப்ப அழிச்சிடறேன்னாரு. ஏன்னு கேட்டேன். இனிமே நான் வெச்சிருந்தா நல்லா இருக்காது அத்தைன்னாரு. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ரிப்பேர் ஆச்சுன்னா நான் எந்தத் தெருவுல போய் ஆளைத் தேடுவேன், ஒழுங்கா வெச்சுக்குங்கன்னு ஒரு அதட்டு அதட்டினேன். சரி அத்தைன்னாரு. அந்தச் சாவி இன்னும் அவருகிட்டதான் இருக்கு.

என் பொண்ணா? அவ அங்க இல்லம்மா, நம்ம ஊர்லதான் இருக்கா. காலையில அவதான் என்னை பஸ் ஏத்தி விட்டா. கல்யாணத்துக்கு அவ எப்படி வருவா? கல்யாணமே மாப்பிள்ளைக்குத்தானே.

ஐயோ, அப்படி முழிக்காதீங்க. பிரிஞ்சுட்டாங்கம்மா. வருஷம் ஆச்சு. சண்டை, கூச்சல் எதுவும் இல்ல. ரெண்டு பேருமே தங்கமான புள்ளைங்க, ஒரு கூரைக்குள்ள ஒத்து வரல, அவ்வளவுதான். நான்தான் ரொம்ப நாள் சாப்பிடாம கிடந்தேன். அப்புறம் ஒரு நாள் பிரிண்டர் மக்கர் பண்ணுச்சு, கை தானா அவரு நம்பரைப் போட்டுடுச்சு. சொல்லுங்க அத்தைன்னாரு, எப்பவும் போல. விவாகரத்து அவங்க ரெண்டு பேருக்குத்தானே ஆச்சு. எனக்கும் அவருக்கும் ஆகலையே?

பொண்ணு என்ன சொல்லுவா. போயிட்டு வாம்மா, அவருக்கும்தான் யாரு இருக்கா, என்னைப் பத்தி யாராவது கேட்டா நல்லா இருக்கான்னு சொல்லு, அது பொய் இல்லம்மான்னு சொன்னா. என் பையைத் தூக்கி மேல வெச்சுட்டு, திரும்பிப் பாக்காம போயிட்டா. அவ நல்லாத்தான் இருக்கா. இருந்தாலும் திரும்பிப் பாக்கல பாருங்க.

அவருக்கு அம்மா அப்பா கிடையாது. பதிவு ஆபீஸ்ல மாப்பிள்ளை பக்கம் நின்னு சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேணும். அதுக்குத்தான் போறேன். கட்டிக்கப் போற பொண்ணு நேத்து ஃபோன்ல பேசுச்சு. நல்ல குரல். ரொம்பத் தயங்கித் தயங்கி, நான் உங்களை எப்படிக் கூப்பிடட்டும்னு கேட்டுச்சு. அவரு கூப்பிடுற மாதிரியே அத்தைன்னு கூப்பிடும்மான்னேன். ஃபோனை வெச்சதுக்கப்புறம் யோசிச்சுப் பாத்தா, அந்தப் பொண்ணுக்கும் முறை சரியாத்தானே வருது?