ஐவியின் காவல்

நவம்பர் மாதம், சாயங்காலம் நாலரை மணி. நம் பெக்விக் ஊரில் அது நாலரை இல்லை... நடுராத்திரி. மில் சந்தில் ஒரு விளக்குகூடக் கிடையாது. இடது பக்கம் பழைய கல்லறைத் தோட்டத்துச் சுவர், வலது பக்கம் பள்ளம், நடுவில் தனியாக மேவிஸ்.

அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள். மேவிஸ் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதோ, கணப்போரம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறானே பெர்சி, அவனுடைய அண்ணி. ஊர்ச் சரித்திரம் எழுதுகிறேன் என்று டேப் ரெக்கார்டரோடு வீடுவீடாக ஏறி இறங்கினவள். எதிரே இருப்பது பெற்ற தாயாக இருந்தாலும் பொத்தானை அமுக்கியதும் ஒரே கேள்விதான்: “உங்க பேரு சொல்லுங்க. பொறந்த வருஷம் சொல்லுங்க.”

அன்றைக்கு அவள் போனது சந்துக் கடைசியில் இருந்த ஏனோக் கிழவர் வீட்டுக்கு.

நம் ஊர் வழக்கம் தெரியுமல்லவா? கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் தோட்டத்து வாசலில் காவல். அடுத்த பெட்டி உள்ளே வரும்வரை அவருக்கு ஓய்வு கிடையாது. அதனால் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் போச்சு, ஓட்டப்பந்தயம்தான். ஒரு தடவை ஓடிய ஓட்டத்தில் பெட்டிக்குள் இருந்தவருக்கே வியர்த்துவிட்டதாம். என் அப்பா கண்ணால் பார்த்தாராம்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஏனோக்கின் அம்மாவும், சலவைக்காரி மகள் ஐவியும் ஒரே நாளில் அடக்கம். ஐவிக்கு ஆறு வயது. சின்னப் பெட்டி... அவள் அப்பா ஒருவரே நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். எப்படியும் முந்தியிருப்பார். ஏனோக் முன்னால் ஓடிப்போய் வாசற்கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார். தன் அம்மாவின் பெட்டி வந்ததும் திறந்து, அதை முதலில் உள்ளே விட்டார். அதுவரை அந்த மனிதர் மகளின் பெட்டியை அணைத்தபடி மழையில் வெளியே நின்றார்.

மறு வாரமே இடமில்லை என்று தோட்டத்தை மூடிவிட்டார்கள். புது இடுகாடு பெரிய சாலைப் பக்கம் போய்விட்டது. ஐவிக்குப் பிறகு இங்கே ஒரு பெட்டிகூட வரவில்லை.

“இன்னும் அங்கதான் நிக்கிறா, மேவிஸு,” என்றாராம் கிழவர். “நான் போறப்பல்லாம் கேப்பா, ‘மாமா, அடுத்த ஆளு வந்தாச்சா?’ன்னு. நாளைக்கு வந்துருவாங்க கண்ணுன்னு சொல்லியே நாப்பத்தஞ்சு வருஷம் ஓட்டிட்டேன்.”

அம்மாவின் குழியோரம் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, அங்கே தன்னைப் புதைக்க அனுமதி வாங்கிக் கொடு, குழந்தையைக் காவலிலிருந்து மாற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினார். மேவிஸ் வாக்குக் கொடுத்தாள்.

திரும்பும்போது வாசலைத் தாண்டினாள். டக்... தாழ்ப்பாள். காற்று துளியும் இல்லை. அப்புறம் ஒரு வாசனை. சலவை சோப்பு, கஞ்சி, ஈரத் துணி. மேவிஸ் ஓடினாள். மூன்று மூட்டை உருளைக்கிழங்கு கனம் இருப்பாள், மான் மாதிரி ஓடினாள்.

இவ்வளவு பயந்தவள் மறுநாளே மனு எழுதியிருக்க வேண்டாமா? புத்தக வேலை. ஏனோக் ஆள் அனுப்பிக் கேட்டார். “நாளைக்கு எழுதிடறேன்னு சொல்லுங்க” என்றாள். ஜனவரியில்தான் எழுதினாள். பதில் வருவதற்குள் கிழவர் போய்விட்டார். பனியில் புது இடுகாட்டில் புதைத்தார்கள்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. அப்போது தபால்காரன் நான்தானே, என் கையாலேயே அவள் கதவில் போட்டேன். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் எந்தக் குமாஸ்தாவோ, மனு எழுதியவர் பெயரைப் புதைக்க வேண்டியவர் இடத்தில் எழுதிவைத்திருந்தான். மேவிஸ்.

அவனைத் திட்டிக்கொண்டே கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டாள். அன்று சாயங்காலம் ஏனோக்கின் டேப்பை ஓடவிட்டாள். பெர்சியும் பக்கத்தில் இருந்தான். கிழவர் பேசுகிறார்... இருமுகிறார்... நிறுத்துகிறார். அந்த இடைவெளியில், டக். பிறகு ஒரு சின்னக் குரல்.

“மாமா, அடுத்தது இவங்களா?”

ஏனோக்கின் குரல், மிக மெதுவாக: “ஆமா கண்ணு.”

டேப்பில் பதிந்த அன்று ஏனோக் வீட்டில் தன் காதில் அப்படி எதுவும் விழவில்லை என்று மேவிஸ் சத்தியம் செய்தாள்.

மார்ச்சில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்றே நாளில் போய்விட்டாள். வீட்டார் இழுப்பறையில் கடிதத்தைக் கண்டெடுத்து, அவளே முன்கூட்டி ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று பழைய தோட்டத்துக்கே கொண்டுபோனார்கள். பெர்சி மட்டும் வேண்டாம் என்றான். யார் கேட்டார்கள்?

இப்போது அந்த வாசலில் சோப்பு வாசனை இல்லை. ஐவி போய்விட்டாள், நல்லது. ஆனால் டக் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது தாழ்ப்பாள் இல்லை... பொத்தான். பிறகு ஒரு கேள்வி.

“உங்க பேரு சொல்லுங்க. பொறந்த வருஷம் சொல்லுங்க.”

பதில் சொல்லி முடிப்பவன்தான் அவளுக்கு அடுத்த ஆள் என்று நான் செவிடன் மாதிரி நடந்துவிடுவேன். பெர்சியால் முடியவில்லை. அண்ணி கேட்கிறாளே என்று நேற்று பேரைச் சொல்லிவிட்டான். வருஷம் வாய்வரை வந்ததாம்... எப்படியோ ஓடி வந்துவிட்டான்.

இன்றைக்கும் அவன் வீட்டுக்கு அந்தச் சந்து ஒன்றுதான் வழி.