கண்ணாடிக்கடை அண்ணன் நினைவாக

ஸ்டுடியோ: அண்ணே, முதல்ல எழுந்திருங்க. பெஞ்சுல பெயின்ட் இன்னும் காயல.

கண்ணாடிக்கடை: காயலைன்னா என்ன? என் பேர்தானே என் சட்டையில ஒட்டும்.

ஸ்டுடியோ: ரிப்பன் கட்டியிருக்கே... அதைத் தாண்டி எப்படி உள்ள போனீங்க?

கண்ணாடிக்கடை: குனிஞ்சேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. செத்தா வலியெல்லாம் போயிடும்னு சொன்னாங்க, எனக்குப் போகல.

ஸ்டுடியோ: ஐயோ, மெதுவாண்ணே! எதிர்ல ஆஸ்பத்திரி வாசல் பூரா ஆளுங்க. பதினோரு மணிக்குத் திறப்பு விழா. நம்ம சங்கத் தலைவர் வரார், கூடவே தலைமைச் சங்கத்துலேருந்து மாவட்ட ஆளுநர் வரார்...

கண்ணாடிக்கடை: வரட்டுமே. நானும் அவரைப் பார்த்ததே இல்ல.

ஸ்டுடியோ: நீங்க பார்க்கக் கூடாதுண்ணே. நீங்க இல்லைன்னுதானே அவரே வரார்!

கண்ணாடிக்கடை: பதினோரு வருஷம் இந்தச் சங்கத்துக்குச் செயலாளரா இருந்தேன். வாங்க வாங்கன்னு எத்தனை கடிதாசி போட்டேன்... ஒரு தடவை வரல. நான் போனதும் காரை எடுத்துட்டாராக்கும்! சரி, முதுகுக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்கீங்க? படி.

ஸ்டுடியோ: 'நம் சேவைச் சங்கத்தின் முன்னாள் செயலாளர், மறைந்த கண்ணாடிக்கடை அண்ணன் நினைவாக.'

கண்ணாடிக்கடை: மறைந்த.

ஸ்டுடியோ: ஆமாண்ணே.

கண்ணாடிக்கடை: நான் எங்கய்யா மறைஞ்சேன்? ரெண்டு வருஷமா கூட்டத்துக்கு வரல. அதுக்குப் பேரு ராஜினாமா.

ஸ்டுடியோ: ராஜினாமாவை நீங்க எழுதித் தரலையேண்ணே. கதவை ஓங்கி அடிச்சிட்டுப் போனீங்க. தாழ்ப்பாள் இன்னும் சரியாகல.

கண்ணாடிக்கடை: பின்ன? இந்த பஸ் ஸ்டாப்ல ஒரு பெஞ்ச் போடுங்கய்யான்னு கேட்டேன். நோயாளிங்க கால் கடுக்க நிக்கிறாங்கன்னேன். என் வீட்டுக்காரியே வாரத்துக்கு மூணு நாள் இந்தக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னவதானேய்யா... நீங்கல்லாம் என்ன பண்ணீங்க? ஊர் எல்லையில வரவேற்பு வளைவு வேணும்னு பதினாறு கை தூக்கினீங்க. பெஞ்சுக்கு ஒரே கை. என் கை.

ஸ்டுடியோ: அதை இப்ப எதுக்குண்ணே...

கண்ணாடிக்கடை: வளைவு எப்படி இருக்கு?

ஸ்டுடியோ: லாரி மோதிடுச்சு.

கண்ணாடிக்கடை: முழுசாவா?

ஸ்டுடியோ: ஒரு தூண் நிக்குது. சங்கத்துப் பேர் இருந்த பக்கம்தான் போச்சு.

கண்ணாடிக்கடை: எனக்கு அந்த லாரிக்காரனைப் பார்க்கணும் போல இருக்கு.

ஸ்டுடியோ: அண்ணே, மணி பத்தரை...

கண்ணாடிக்கடை: இருய்யா, விஷயத்துக்கு வரேன். நான் போயிட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னது?

ஸ்டுடியோ: கார்டு வந்துச்சுண்ணே. தபால்ல. 'கண்ணாடிக்கடைக்காரர் புதன்கிழமை அதிகாலை அமைதியாகக் காலமானார். மரியாதை செலுத்த விரும்புவோர் மாலை ஆறு மணி வரை வீட்டிற்கு வரலாம். இப்படிக்கு, குடும்பத்தார்.'

கண்ணாடிக்கடை: குடும்பத்தாரா? பொண்ணு கடல் தாண்டி இருக்கா. வீட்டுக்காரி போய் மூணு வருஷம் ஆச்சு. என் குடும்பம்னா நான் ஒருத்தன்தானே!

ஸ்டுடியோ: அதாண்ணே எனக்கும் புரியல.

கண்ணாடிக்கடை: ...எவனாவது வேலையில்லாதவன் விளையாடியிருப்பான்.

ஸ்டுடியோ: இருக்கும்.

கண்ணாடிக்கடை: கண்டிப்பா அப்படித்தான்.

ஸ்டுடியோ: மூணு வாரமா நீங்க கடைத்தெருப் பக்கமும் வரலையா... ஊரே நம்பிடுச்சு.

கண்ணாடிக்கடை: எப்படி வர முடியும்? அதான் செத்து... உடம்பு சரியில்லய்யா. சளி.

ஸ்டுடியோ: சளியா.

கண்ணாடிக்கடை: அதை விடு. கூட்டம் போட்டீங்களா?

ஸ்டுடியோ: அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கே. வழக்கமான புதன் கூட்டம்தானே. இரங்கல் தீர்மானம் போட்டோம்.

கண்ணாடிக்கடை: நோட்டு கையில இருக்கா? வாசி.

ஸ்டுடியோ: இங்கயேவா?

கண்ணாடிக்கடை: நான் செத்ததுக்கு நான் வராம வேற யார் வருவா? வாசிய்யா.

ஸ்டுடியோ: 'நமது அருமை அண்ணன், பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்து, இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவச மூக்குக்கண்ணாடி...'

கண்ணாடிக்கடை: முன்னூத்தி நாப்பது.

ஸ்டுடியோ: சரிண்ணே, திருத்திக்கிறேன். '...வழங்கிய கருணை உள்ளம் கொண்டவர். எளிதில் கோபப்படாதவர்...'

கண்ணாடிக்கடை: இதை யாருய்யா எழுதினது?

ஸ்டுடியோ: நான்தான், இப்ப நான்தானே செயலாளர். போனவரைப் பத்தி வேற எப்படி எழுதுறது?

கண்ணாடிக்கடை: முன்மொழிஞ்சது?

ஸ்டுடியோ: தலைவர்.

கண்ணாடிக்கடை: வழிமொழிஞ்சது?

ஸ்டுடியோ: பல் டாக்டர்.

கண்ணாடிக்கடை: அந்த ஆளா! வளைவுக்கு முதல்ல கை தூக்கினவர் அவர்தானே! நான் செத்தேன்னதும் சந்தோஷமா வழிமொழிஞ்சிருப்பாரு.

ஸ்டுடியோ: பேச ஆரம்பிச்சார்... முடியல. உட்கார்ந்துட்டார்.

கண்ணாடிக்கடை: ...பொய் சொல்லாத.

ஸ்டுடியோ: நோட்டுலயே இருக்குண்ணே. 'பல் மருத்துவர் பேச்சைத் தொடர இயலவில்லை.'

கண்ணாடிக்கடை: ம்... மௌனம் ரெண்டு நிமிஷம் நின்னீங்களா?

ஸ்டுடியோ: ஒன்றரை.

கண்ணாடிக்கடை: ஏன்?

ஸ்டுடியோ: மைக்செட்காரர் கண்ணைத் திறந்துட்டார். அவர் திறந்ததைப் பார்க்க எல்லாரும் திறந்துட்டோம்.

கண்ணாடிக்கடை: என் காலத்துல ஒரு விநாடி குறைஞ்சது கிடையாது! இதெல்லாம் ஒரு சங்கமாய்யா... சரி, தீர்மானம் போட்டீங்க, நின்னீங்க, கலைஞ்சீங்க. ஒருத்தனுக்காவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்னு தோணலையா?

ஸ்டுடியோ: அது வந்துண்ணே...

கண்ணாடிக்கடை: காலையிலேருந்து வாசக்கதவைத் திறந்து வச்சிருந்தேன். பக்கத்து வீட்டுல நாலு நாற்காலி வாங்கிப் போட்டேன்.

ஸ்டுடியோ: எதுக்குண்ணே நாற்காலி?

கண்ணாடிக்கடை: ...ஒட்டடை அடிக்க.

ஸ்டுடியோ: நாலு நாற்காலியிலயா?

கண்ணாடிக்கடை: பெரிய வீடுய்யா! பேச்சை மாத்தாத. ஃபிளாஸ்க்ல காபிகூடப் போட்டு வச்சேன். ஆறு மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா வரல. தெருமுனையில கரண்டுக் கம்பத்துக்குக்கூட அன்னைக்கு எவனோ ஒரு மலர்வளையத்தை மாட்டியிருந்தான். கம்பத்துக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல.

ஸ்டுடியோ: அண்ணே, யாரோ வராங்க. கொஞ்சம் திரும்பி உக்காருங்க.

அம்மா: ஏம்ப்பா, அந்த ரிப்பனைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. முட்டி வலி உயிர் போகுது.

ஸ்டுடியோ: அம்மா, இன்னும் திறக்கல. பதினோரு மணிக்கு...

அம்மா: பெஞ்சைத் திறக்கிறதுக்கு என்ன இருக்கு? கதவா, ஜன்னலா?

கண்ணாடிக்கடை: நீங்க உக்காருங்கம்மா. நம்ம பெஞ்ச்தான். பின்னாடி மட்டும் சாயாதீங்க, பெயின்ட் ஈரம்.

அம்மா: நல்லா இருப்பா. மூணு வருஷமா வரேன், இன்னைக்குத்தான் இந்த ஸ்டாப்ல உக்கார்றேன். எக்ஸ்ரே எடுக்கிறதுகூட வலிக்கல, எடுத்துட்டு இங்க நிக்கிறதுதான்... ஆமா, என்ன எழுதியிருக்கு? மறைந்த... கண்ணாடிக்கடை... அடப்பாவமே! ஆத்துப் பாலத்துக்குப் போற ரோட்டுல இருந்த கடையா?

ஸ்டுடியோ: உங்களுக்குத் தெரியுமாம்மா?

அம்மா: இதோ, நான் போட்டிருக்கிறதே அவர் குடுத்ததுதான். காசு வாங்கல. ஆனா திட்டினார் பாரு! 'இவ்வளவு நாள் என்னம்மா பண்ணே, கண்ணு பூக்கிற வரைக்கும்'னு ஒரே சத்தம்.

கண்ணாடிக்கடை: அது... அக்கறையில சொல்லியிருப்பாரு.

அம்மா: நீங்க அவருக்கு என்ன வேணும்? ஜாடை இருக்கே.

கண்ணாடிக்கடை: ரொம்ப நெருங்கின சொந்தம்.

அம்மா: அழாதீங்க. போனவர் பெஞ்சா வந்துட்டார்னு நினைச்சுக்கோங்க. உயிரோட இருக்கிறப்ப அவர் முன்னாடி உக்காரவே பயமா இருக்கும், இப்ப அவர் மேலயே உக்கார்றேன். இரு, பஸ் வந்துடுச்சு. வரேன்ப்பா. ரிப்பனை மறுபடி கட்டிடு!

ஸ்டுடியோ: பார்த்தீங்களாண்ணே? இதுக்குத்தான். இறந்துபோன உறுப்பினர் நினைவாத்தான் பெஞ்ச் தருவோம்கிறது தலைமைச் சங்கத்து விதி. உயிரோட இருக்கிறவர் கேட்டா வளைவு, செத்துப்போனாத்தான் பெஞ்ச். இடம் எதுன்னு கேட்டப்ப நான் இந்த ஸ்டாப்பை எழுதினேன். பதினாறு கையும் எழுந்துச்சு. பல் டாக்டர் ரெண்டு கையையும் தூக்கினார்.

கண்ணாடிக்கடை: நீயும் அன்னைக்கு வளைவுக்குத்தானே கை தூக்கின?

ஸ்டுடியோ: தூக்கினேன். அப்புறம் ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் போறப்பெல்லாம் தலையைத் திருப்பிக்கிட்டுத்தான் போவேன். இப்ப ஆளுநர் உங்களைப் பார்த்தார்னா, வந்த வண்டியிலயே பெஞ்சைப் பேத்து ஏத்திட்டுப் போயிடுவார்ண்ணே. உங்க காலைப் பிடிக்கிறேன், ஒரு மணி நேரம் செத்திருங்க.

கண்ணாடிக்கடை: அப்புறம்?

ஸ்டுடியோ: ரிப்பனை வெட்டிட்டா அது ஊர்ச் சொத்து. அடுத்த புதன் கூட்டத்துக்கு நீங்க வாங்க. 'சென்ற மாதக் கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம்'னு ஒரு வரி போட்டுடலாம்.

கண்ணாடிக்கடை: திருத்தம்னா? எப்படி எழுதுவ?

ஸ்டுடியோ: 'மறைந்த என்பதை நீக்கி வாசிக்கவும்.'

கண்ணாடிக்கடை: அப்படி எழுதக் கூடாது. முறைப்படி ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். பல் டாக்டரே வழிமொழியட்டும். ஓட்டெடுப்பும் வேணும்.

ஸ்டுடியோ: நீங்க உயிரோட இருக்கீங்களா இல்லையான்னா?

கண்ணாடிக்கடை: விதின்னா விதிதான். எத்தனை கை எழுந்திருக்கும்னு நானும் பார்க்கிறேன்.

ஸ்டுடியோ: எல்லாம் எழுந்திருக்கும். இப்ப நீங்க எழுந்திருங்க. அந்த ஜூஸ் கடைக்குப் பின்னாடி போய் நில்லுங்க. ஐயோ, சட்டை முதுகைப் பாருங்க... பேர் அப்படியே திரும்பி ஒட்டியிருக்கு! பெஞ்சுல பேர் அழிஞ்சு தெரியுது!

கண்ணாடிக்கடை: தொட்டு எழுதிக்கோ, பிரஷ் அங்கதான் இருக்கு. நான் போறேன். மனசாரத்தான் போறேன்... ஆனா தம்பி, ஒண்ணு மட்டும்.

ஸ்டுடியோ: அண்ணே, கார் திரும்புது!

கண்ணாடிக்கடை: பெஞ்ச் சரி. தீர்மானம் சரி. பதினோரு வருஷம் உங்க பதினாறு பேர் வீட்டுலயும் நல்லது கெட்டதுன்னா முதல் ஆளா வந்து நின்னவன் நான். மைக்செட்காரர் அப்பாவைத் தூக்கினேன். உன் போட்டோ ஸ்டுடியோ தீப்பிடிச்சப்போ வாளியோட வந்தேன். நான் போயிட்டேன்னு கார்டைப் படிச்சிட்டும் ஒருத்தருக்கும் வரத் தோணலையேய்யா. அது மட்டும் தாங்கல. ஏன் வரல? பதில் சொல்லு, இல்லைன்னா ஆளுநர் மடியில உக்கார்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

ஸ்டுடியோ: வந்தோம்ணே. பதினாறு பேரும், மைக்செட்காரர் வேன்ல. புதன்கிழமை செத்தவருக்குத் திங்கட்கிழமை தபால் முத்திரை, அதுவும் உங்க கையெழுத்துல... உங்க பதினோரு வருஷ நோட்டும் என் மேஜையிலதானே இருக்கு, எனக்குத் தெரியாதா? ஆனா கூட்டத்துல அந்தக் கார்டை நான் பாதி வாசிக்கிறதுக்குள்ள எல்லாரும் அழ ஆரம்பிச்சிட்டாங்க, நிறுத்த முடியல. தெருமுனையில வேனை நிறுத்தச் சொல்லிட்டு நான் மட்டும் வந்து எட்டிப் பார்த்தேன். சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, நாற்காலியைத் துடைச்சுத் துடைச்சு வாசலையே பார்த்துட்டிருந்தீங்க. அத்தனை பேர் முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நிக்கிறதை என்னால பார்க்க முடியாதுண்ணே. நான் ஒருத்தனாவது உள்ள வந்திருக்கணும், வரல, தப்புதான். எல்லாம் முடிஞ்சிடுச்சு, வீடு பூட்டியிருக்குன்னு போய்ச் சொன்னேன். இறங்கி நின்னவங்க யாரும் திரும்ப வண்டியில ஏறவே இல்ல. வாங்கிட்டு வந்த வளையத்தை எப்படித் திருப்பி எடுத்துட்டுப் போறதுன்னு பல் டாக்டர்தான் அந்தக் கரண்டுக் கம்பத்துல மாட்டிட்டு, அதைப் பிடிச்சுக்கிட்டே நின்னார்.