லேபிளுக்கு அடியில் லேபிள்

"ஹலோ... ம், சொல்லு... இரு, இரு, கத்தாதே! நான் ஒண்ணும் செவிடு இல்ல."

ஆய்வுக்கூடத்து அக்கா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கையுறையைக் கழற்றினாள். மறுமுனையில் உடன்பிறந்த தம்பி. சர்க்கரை நோய்க்கான மாத்திரை செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். தரத்துக்கும் அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

"ஆமாடா, ஃபெயில்தான்... மாத்திரையில கலந்திருக்கிற அழுக்கு, அனுமதிச்ச அளவைப்போல நாலு மடங்கு இருக்கு. சாதாரண அழுக்கா அது? வருஷக்கணக்கா முழுங்கினா புற்றுநோயைக் கூட்டிட்டு வர்ற சரக்கு... என்னது, எங்க மிஷின்ல கோளாறா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! மாத்திரை போடாம வெறும் திரவத்தை மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. உன் மாத்திரையைப் போட்டாத்தான் திரையில கோடு மலை மாதிரி எழும்புது... ஆமா, ஆமா, நீ அனுப்பின ரெண்டாவது டப்பா பாஸ்தான்... ரெண்டுக்கும் சராசரியா? அடப்பாவி! கணக்குல பன்னெண்டு, ஓவியத்துல எழுபது, சராசரி நாப்பத்தொண்ணு, நான் பாஸுன்னு அப்பாகிட்ட கதை விட்டவன்தானே நீ!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"கேளு... முதல்ல நான் சொல்றதைக் கேளுடா. ஒரே நாள், ஒரே கலவையில செஞ்சதுங்கிற. ஒரு டப்பா விஷம், இன்னொண்ணு பத்தரை மாத்துத் தங்கமா? பாஸான டப்பாவோட லேபிளைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில இன்னொரு லேபிள், போன வருஷத் தேதியோட பல்லைக் காட்டுது... யாரு, பேக்கிங் ஆளுங்களா? கோணலா ஒட்டியிருக்கிற லட்சணத்தைப் பார்த்தாலே உன் கைன்னு தெரியுதே. பழசைக் கிழிச்சிட்டாவது ஒட்டியிருக்கக் கூடாதா, மடையா? ...ம்... ம்... வேலை போயிடுமா... அழாதே. அழாதேங்கிறேன்ல."

அவள் குரல் இறங்கிவிட்டது. தம்பியின் இரண்டு பிள்ளைகளும் கண்முன் வந்து நின்றார்கள். கையெழுத்துப் போடாத அறிக்கை மேசைமேல் கிடந்தது.

"சரி, சரி... நாளைக்குக் காலை வரைக்கும் இதை மேலிடத்துக்கு அனுப்பாம வச்சிருக்கேன். நீயே முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லி, கடைக்குப் போனதையெல்லாம் திரும்ப வாங்கிடு... ஐயையோ, அப்பா! அப்பாவுக்கு நீதானேடா மாசாமாசம் கொண்டுவந்து குடுக்கிற? இதே மாத்திரையா?"

நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"...ஓ... வேற கம்பெனி மாத்திரை மாத்திட்டியா... அப்பாடா. எப்போ? ...போன மாசமேவா?"

மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்போ உனக்குப் போன மாசமே தெரியும்... இல்ல, நீ பேசாதே. தெரிஞ்சுதான் கடைக்கு அனுப்பியிருக்கே. நம்ம அப்பாவுக்கு மட்டும் நல்ல மாத்திரை, ஊரான் வீட்டு அப்பா எக்கேடு கெட்டா என்ன... அக்கா, அக்கான்னா? அக்கா கையெழுத்துப் போட்டுட்டாடா. லேபிள் சமாச்சாரத்தையும் சேர்த்து எழுதி, இதோ, இப்பவே அனுப்புறேன். போனை வை."

அவன் வைக்கவில்லை. அவளே வைத்தாள்.