மூணாவது கோடு

இல்லம்மா, நீங்க கை காட்டறது என் காடு இல்ல. எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட ஓங்கி நிக்குது பாருங்க, அது பக்கத்து வீட்டு ரூனேவோடது. என்னோடது இந்தாண்ட. ஆமா, இந்தக் குச்சிக்காடுதான். நட்டுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் என் தோளுக்கு வரமாட்டேங்குது. நுனியெல்லாம் மஞ்சப் பூத்து நிக்குது.

பல்கலைக்கழகத்துலேர்ந்து மண்ணெடுக்க வந்திருக்கேன்னீங்க, எடுத்துக்கங்க, வேணாங்கல. எங்க வேணா குழி தோண்டுங்க. முதல்ல உள்ள வாங்க, காபி ஆறிடும். பூட்ஸை வாசல்லயே விட்டுருங்க. ஏலக்காய் பன் நான் சுட்டதுதான், கொஞ்சம் கல்லாட்டம் இருக்கும், நனைச்சுத் தின்னுங்க.

தண்ணியா? பயப்படாதீங்க, ஊர்க் குழாய்த் தண்ணிதான். கிணத்தை மூடி ரொம்ப நாளாச்சு. அந்தப் புளிச்ச தண்ணி செம்புக் குழாயையே அரிச்சு இழுத்துட்டு வரும். என் பொண்டாட்டி, அவ இப்ப இல்ல, அவளுக்குத் தங்கமாட்டம் முடி. தலைக்குக் குளிச்சா அந்தச் செம்பு ஏறிப் பச்சையாயிடும். சிரிக்காதீங்கம்மா, நெசம். சர்ச்சுக்குத் துணி கட்டிக்கிட்டுத்தான் போவா. என்ன ஆல்கொட், உன் சம்சாரத்துக்குப் பாசி புடிச்சிருச்சாமேன்னு ரூனே கேப்பான். அவன் வீட்டுப் பொண்ணுக்கும் அதே கதிதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

மழைதான் காரணம்னு எங்களுக்கு யார் சொன்னா? எங்க அக்காதான் சொன்னா. மாய்கென். ஆமா, அதே மாய்கென்தான். ஓ, உங்க வாத்தியாருக்கு அவதான் வாத்தியாரா? அப்படிப் போடுங்க.

லீவுக்கு வந்தா சும்மா இருக்கமாட்டா. இந்த மேட்டுலேர்ந்து வாளி வாளியா மண்ணு அள்ளிட்டுப் போவா. எதுக்குக்கான்னு கேட்டா, கம்ப்யூட்டருக்குள்ள நம்ம மேட்டைச் செஞ்சு வச்சிருக்கேன்டாம்பா. நம்ம தாத்தா காலத்துலேர்ந்து பெஞ்ச மழையெல்லாம் ஒரு மத்தியானத்துல பெய்ய வச்சுருவேன்ம்பா. வெளிநாட்டு ஆலைப் புகை காத்தோட வந்து நம்ம மழையைப் புளிக்க வைக்குதாம். மண்ணுல சுண்ணாம்புச் சத்து இருக்கறவரைக்கும் புளிப்பை அது வாங்கிக்குமாம், மரம் பச்சையாத்தான் நிக்குமாம். சத்து தீந்தப்புறம் மண்ணுக்குள்ள கெடக்கற அலுமினியம் கரைஞ்சு வேரைத் தின்ன ஆரம்பிக்குமாம். உங்களுக்கு நான் சொல்லணுமா. எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

இந்த மேசையிலதான் அந்தப் படத்தை விரிச்சா. நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்க. மேட்டுல எத்தனை மரம் பிழைக்கும்னு மூணு கோடு போட்டிருந்தா. முதல் கோடு, ஐரோப்பா பூரா புகையை நிறுத்தினா. ரெண்டாவது, பாதி நிறுத்தினா. மூணாவது, இப்படியே போனா. அந்த மூணாவது கோடு இருக்கே, மாடிப்படியிலேர்ந்து விழுந்தவன் மாதிரி இறங்குச்சு. பத்து வருஷத்துல இந்த மேட்டுல ஒரு மரம் தங்காது.

நான் என்னம்மா நினைப்பேன்? வேலி தாண்டற ரூனே ஆட்டை நிறுத்தச் சொன்னாலே அவன் கேக்கமாட்டான். இங்கிலாந்துக்காரனும் ஜெர்மன்காரனும் நாம சொன்னா புகைபோக்கியை மூடிருவானா? எனக்கு ஒரு கோடுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. மரம் நின்னபடி காயறதுக்குள்ள வெட்டிருவோம்னு, அந்தக் குளிர்காலத்துல ஆளு மெஷின் எல்லாம் கொண்டுவந்து மேட்டையே சிரைச்சுட்டேன். எங்கப்பா நட்ட மரம். கிளை, தழை எதையும் விடல. நீயும் வெட்டிருடான்னு ரூனேவையும் கூப்ட்டேன். அவன், உங்கக்கா படிச்சவ, நான் சோம்பேறி, பாப்போம்னான்.

ஈஸ்டருக்கு அக்கா வந்தா. கார்லேர்ந்து இறங்கி அப்படியே நின்னா. வெட்டச் சொன்னனாடான்னா. காயும்னு சொன்னியேன்னேன். இப்படியே போனா காயும்னு சொன்னேன்னா. போனாங்கறதை நான் காதுல வாங்கவே இல்லம்மா. அவ கத்தல. கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். மரத்தோட மண்ணுல மிச்சமிருந்த சத்தையும் வண்டியில ஏத்தி அனுப்பிட்டியேடான்னு மெதுவாச் சொன்னா. அவ்வளவுதான்.

அப்புறம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்தப் படத்தைத் தூக்கிட்டு அவ எந்த நாட்டு வாசலை மிதிக்கல? மந்திரிங்க முன்னாடி நின்னு, மூணாவது கோட்டைக் காட்டிக் காட்டி, புகையைக் குறைக்கறோம்னு கையெழுத்துப் போட வச்சவங்கள்ல அவளும் ஒருத்தி. மூடமாட்டான்னு நான் நினைச்ச புகைபோக்கியை மூடத்தான் செஞ்சான். மழை தெளிஞ்சுருச்சு. ரூனே காடு காயல. அவன் கடைத்தெருவுல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான், மாய்கென் கம்ப்யூட்டரு நம்மூரு குறிசொல்றவளைவிட மோசம்னு.

எனக்கு அவனை அறையணும் போல இருக்கும். அவ சொன்னதாலதானேடா பொய்யாச்சுன்னு சொல்லணும். ஆனா என் மேட்டை வச்சுக்கிட்டு அதை நான் எப்படிச் சொல்றது? சொன்னா, அப்ப நீ ஏன்டா வெட்டினேம்பான்.

அக்கா சண்டை போட்டுப் பேசாம இருந்தான்னு நினைக்காதீங்க. கிறிஸ்துமஸுக்கு வருவா, சிரிப்பா, எனக்கு ஸ்வெட்டர் பின்னிக் குடுப்பா. மேட்டுப் பக்கம் மட்டும் போகமாட்டா. நானும் கூப்பிடமாட்டேன்.

அதுவா? கட்டில் கம்பியைத் தட்டற சத்தம். பக்கத்து ரூம்தான். அக்காதான்மா.

ஆமா, இங்கதான் இருக்கா. உங்க ஆளுங்களுக்குத் தெரியாதா? போன இலையுதிர் காலத்துல பக்கவாதம். வலது பக்கம் பூரா போச்சு, பேச்சும் போச்சு. புருஷன், புள்ளை இல்ல, வேற எங்க போவா? அவளுக்கு இருக்கறதுலயே நல்ல ரூமாக் குடுத்தேன். வெளிச்சம் வருது, பெரிய ஜன்னல். கட்டிலைப் போட்டப்புறம்தான் பாத்தேன், அது நேரா மேட்டைப் பாத்திருக்கு. முன்னாடி என் குச்சிக்காடு, அதுக்குப் பின்னால ரூனே காடு.

திரையைத் திறந்தா கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது. சரின்னு மூடினா, இருக்கற ஒரு கையால இப்படித்தான் தட்டறா. திறந்தா மறுபடி தண்ணி. டாக்டரைக் கேட்டேன். இந்த வியாதிக்காரங்க கண்ணீருக்கு அர்த்தம் கிடையாது ஆல்கொட்னார். எனக்கு அப்படித் தோணலம்மா. ரூனே காடு நிக்குதேன்னு பூரிச்சுப்போய் அழறாளா, என் மேட்டைப் பாத்து அழறாளா? வாயத் திறந்து கேட்டுட்டேன், அக்கா எதைப் பாக்கறேன்னு. என்னையே பாத்தா.

குழி அப்புறம் தோண்டிக்கலாம். நீங்களும் அதே படிப்புதானே, அவ பாஷை உங்களுக்குப் புரியும். ஒருதடவை உள்ள வந்து அவ மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா, நான் திரையைத் திறந்து வைக்கவா, மூடி வைக்கவா.