ஓடுபாதைக்குக் கீழே எங்கள் பாதி

ஷெல்லின் விசில் நின்றுவிட்டது. நின்றால் பக்கத்தில் விழும்.

“ராகுலன், கிணத்தடிக்குப் போகாதை! படு!”

அப்பா கத்துகிறார். தம்பிக்கு ஆறு வயது. ஆட்டுக்குட்டியை அவிழ்க்க ஓடுகிறான். அவனைப் பிடிக்கச் சித்தப்பா ஓடுகிறார். ஒரு ‘டமார்’. பிறகு ஓசையே இல்லை. ஓட்டுக்கூரை மேல் செம்மண் பொலபொலவென்று விழுகிறது.

தொண்ணூறாம் ஆண்டு, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை காலை. இலங்கையின் வடக்கே எங்கள் ஊர். ஷெல் வந்தது பக்கத்து விமானத்தளத்திலிருந்து. வெள்ளைக்காரன் தன் போருக்காகப் போட்ட தளம் அது. பிறகு பயணிகள் விமானம் வந்தது. பிறகு இராணுவம். ஒவ்வொரு முறையும் வேலி எங்கள் பக்கம் நகர்ந்தது.

காணியை அப்பாவும் சித்தப்பாவும் முன்பே பிரித்திருந்தார்கள். மூத்தவர் அப்பா. வடக்குப் பாதியை எடுத்துக்கொண்டார். நல்ல செம்மண். கிணறு. சித்தப்பாவுக்குத் தெற்கே கல்லுத் தரை.

அன்று சுடலைக்குப் போக வழியில்லை. சித்தி அழுதபடி அப்பாவிடம் சொன்னார்: “அத்தான், ரெண்டு பேரையும் எங்கட பக்கத்திலை ஒண்டாப் புதைப்பம்.”

“என்ர பிள்ளை என்ர காணியிலை,” என்றார் அப்பா.

சித்தப்பாவைத் தெற்குப் பாதியிலும் தம்பியைக் கிணற்றடியிலும் புதைத்தோம். மாலையில் ஊரை விட்டோம். படகு. முகாம். இப்போது எனக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை.

சென்ற வாரம் ஊரிலிருந்து சித்தப்பா மகள் வசந்தி வீடியோ அனுப்பினாள். தெற்குப் பாதியை இராணுவம் விட்டுவிட்டது. புது முள்வேலி சரியாக அப்பா பிரித்த எல்லையில் நிற்கிறது. அதற்கு அப்பால் ஓடுபாதை. கிணறு இல்லை. இப்பால் வாழை. வசந்தி குனிகிறாள். “அக்கா, அப்பாவுக்கு விளக்கு வைச்சிருக்கிறன், பாருங்கோ.”

கூட உப்பு வாருகிற செல்வி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, நாம இங்க வெயில்ல காயறோம், உங்க தங்கச்சி வாழைத்தோப்புல ஜம்முனு நிக்குது! பொறாமையா இல்ல?”

“இருக்குது,” என்றேன்.

வாழையை நான் பார்க்கவே இல்லை. விளக்கைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.   சித்தப்பா என் தம்பிக்காக ஓடிச் செத்தவர். அவருக்கு ஒரு விளக்கு எரிவது எனக்குப் பொறுக்கவில்லை. வசந்திக்கு இன்னும் பதில் போடவில்லை.

இழந்தவை: வீடு. கிணறு. வடக்குப் பாதி முழுதும். இரண்டு பசு, ஓர் ஆட்டுக்குட்டி.

இழந்தவர்கள்: அப்பா, அம்மா, இருவரும் முகாமில். சித்தப்பா, அவருக்கு இடம் இருக்கிறது. ராகுலன், ஆறு வயது. அவன் மேல் விமானம் இறங்குகிறது.