நாலாம் நம்பர் ரூம்

இருங்க டாக்டர், அந்த வாஃபிள் சுடற மெஷினத் திருப்பிப் போடணும். இல்லாட்டி ஒரு பக்கம் கருகிடும். தள்ளுங்க, நானே சுட்டுத் தர்றேன். உங்க கார் வர இன்னும் நேரமிருக்கு. ரோட்டுல பனிய இப்பதான் வாரிக்கிட்டிருக்காங்க.

டாக்டர்னு எப்படித் தெரியுமா? சட்டைல அட்டை குத்தியிருக்கீங்களே. நேத்து எங்க மோட்டலுக்கு வந்தப்ப மேல கோட்டு இருந்துச்சு, தெரியல. தெரிஞ்சிருந்தா... சரி விடுங்க. பல்லு காலேஜுக்குப் பிள்ளைங்கள நேர்ல கேள்வி கேக்க வந்திருக்கீங்க, இல்லையா? காலேஜு படிப்பையும் பல்லு படிப்பையும் ஒண்ணாச் சேத்து, பள்ளிக்கூடம் முடிக்கும்போதே சீட்டு குடுத்துடுவாங்களே, அதுக்குத்தான?

தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு கேக்கணும். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கா. ஐயோ, தெரியும், நீங்க சொல்லக் கூடாதுதான். நான் பேரே சொல்லலையே. பொதுவாச் சொல்லுங்க, போதும்.

மார்க்கெல்லாம் நல்ல மார்க்கு. வகுப்புல மூணாவது. ரெண்டாவது வந்த பையனோட அம்மாதான் எங்க கோயில்ல கர்பா சொல்லிக் குடுக்கறா. நவராத்திரி முழுக்க ஆட்டத்த விட அந்தப் பெருமையத்தான் பாத்தோம். பெரிய பேரு உள்ள காலேஜுக்கெல்லாம் இவளும் போட்டிருக்கா. ஒரு ஆலோசகர் வச்சிருந்தோம். அங்கல்லாம் லாட்டரி மாதிரிம்மா, இந்தப் பல்லு சீட்டுதான் கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியுதுன்னாரு. எத்தன பேரக் கூப்பிட்டிருக்கீங்க? அறுபதா! பத்து சீட்டுக்கு அறுபது. ஆறுல ஒண்ணு. பரவால்ல. பரவால்லதான, டாக்டர்?

இந்தாங்க, இதத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. சுந்தோ, மாங்கா ஊறுகா, இனிப்புதான். இது தேப்லா. வெந்தயக் கீர போட்ட ரொட்டி. காரமில்ல, பயப்படாதீங்க.

வேற என்ன பண்ணுவாளா? வயலின் வாசிப்பா. அதாவது, வாங்கிக் குடுத்திருக்கோம். கோடை லீவு பூரா ஒரு பல் டாக்டர் பக்கத்துல நின்னு வேலையப் பாத்தா. வேலை செஞ்ச அனுபவம்னு ஒரு கட்டம் இருந்துச்சாம், அத மட்டும் காலியா விட்டாச்சு. ஏன்னா, வேலைக்கு எங்க போனா? வீட்டுலதான இருந்தா. அமெரிக்காவுல எங்க குஜராத்தி ஆளுங்க பிள்ளைங்க மோட்டல்லயே வளருதுங்க. மேசை எட்டாத வயசுல ஸ்டூல் மேல ஏறி நின்னு சாவி குடுத்தவ. குடிச்சிட்டு வர்றவன், புருஷன்கிட்ட அடி வாங்கி புள்ளையத் தூக்கிட்டு வர்றவ, எல்லாரையும் பாத்துட்டா. ஒருத்தன் பல்லு வலி தாங்காம இதே தரையில உக்காந்து அழுதான். இவ பக்கத்துலயே உக்காந்து ஐஸ் வச்சு விட்டா. அன்னிக்குப் புடிச்சதுதான் இந்தப் பல்லுப் பைத்தியம். எழுதட்டுமான்னு கேட்டா. அவங்கப்பாதான் வேணாம்னாரு. வீட்டு வேலையப் போயி யாராவது எழுதுவாங்களா? நாம பாத்திரம் கழுவறத எழுதறோமா?

...ஆமா டாக்டர். சொந்தத்துல இல்ல. என் பொண்ணுதான். ஹேத்வி.

உக்காருங்க, உக்காருங்க, சிபாரிசு கேக்கல. சாமி சத்தியமா கேக்கல. இந்த ஒண்ணத் தின்னுட்டுப் போங்க.

ரூம் வசதியா இருந்துச்சா? நேத்து உங்க புக்கிங் அடுத்த வாரத்துக்கு விழுந்திருந்துச்சு, வேற ரூமும் காலி இல்ல. வழக்கமா வர்ற லாரிக்காரருக்கு எடுத்து வச்ச ரூமக் கேட்டீங்க. மேசையில நின்ன பொண்ணு தர முடியாதுன்னா. முதலாளியக் கூப்பிடுன்னு சத்தம் போட்டீங்க. நான் ஓடி வந்து அவளத் திட்டினேன். வந்தவங்க முன்னாடி நம்மாளத் திட்டிடணும், அப்புறம் உள்ள போயி சமாதானம் பண்ணிக்கலாம். அதுதான் இந்தத் தொழில்ல முறை. திட்டிட்டு நாலாம் நம்பர் சாவிய உங்களுக்குக் குடுத்தேன்.

நாலாம் நம்பர நாங்க வாடகைக்கு விடறதில்ல டாக்டர். அலமாரில பிளாஸ்டிக் பல்லு செட் ஒண்ணு இருந்திருக்குமே, பாத்தீங்களா? யாரோ விட்டுட்டுப் போனதுன்னா நெனச்சீங்க? அது ஹேத்வி படிக்கிற, படுக்கிற ரூம். நேத்து ராத்திரி துணி துவைக்கிற ரூம்ல பாய விரிச்சுப் படுத்துக்கிட்டா.

இந்த வாய வச்சிக்கிட்டு நீ எங்கயும் தேற மாட்டேன்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணுதான். பத்து மணிக்கு உங்க முன்னாடி வந்து உக்கார வேண்டியவ. காலைல காபி நிரப்ப வந்தா. உங்க அட்டையப் பாத்தா. அப்படியே துணி துவைக்கிற ரூமுக்குத் திரும்பிப் போயித் தாப்பா போட்டுக்கிட்டா. இஸ்திரி போட்ட சட்டையோட உள்ளயே நிக்கறா. என் குரலுக்குத் தொறக்க மாட்டேங்கறா. நேத்து திட்டின அதே குரல்தான.

கார் வந்துடுச்சு. பையக் குடுங்க, நான் கொண்டாறேன். சீட்டெல்லாம் நீங்க யாருக்கு வேணா குடுங்க. அவ இருக்கிற ரூமு வாசலுக்குப் போற வழியிலதான் இருக்கு, இடது பக்கம், நீலக் கதவு. ஒரே ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க டாக்டர்.